ரோலண்ட் மலைக்கு எந்த லென்ஸ்

டாஸ்மேனியாவின் வடக்கே, ஷெஃபீல்டைச் சுற்றியுள்ள பண்ணைகளில் பால் எடுக்கும் டேங்கர் லாரியை க்ளெனிஸ் டாட்னல் இருபத்திரண்டு வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். டேங்கர் நிரம்பும் இருபது நிமிடத்தில் மற்ற டிரைவர்கள் சிகரெட் பிடிப்பார்கள். அவள் ரோலண்ட் மலையைப் படம் பிடிப்பாள். ஒரே மலை, ஒரே லென்ஸ், நாலாயிரத்துச் சொச்சம் படங்கள். அந்த லென்ஸை, அங்கே குளிர்காலமான ஜூன் மாதத்தில் ஒரு காலை, ஜெர்சிப் பசு ஒன்று முக்காலியோடு சேர்த்து உதைத்துக் கான்கிரீட்டில் தள்ளியது. கண்ணாடி இரண்டாகப் பிளந்தது.

கையிலிருந்த காசுக்கு ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும். ஜூம் அவளுக்குப் பிடிக்காது. கால் இருக்கும்போது வளையத்தைத் திருகுவானேன் என்பாள். அகலமாகப் பார்க்கும் லென்ஸ்களில் பதினாலு எம்எம்மா, இருபதா, இருபத்து நாலா என்பதுதான் கேள்வி; எண் குறையக் குறையப் பார்வை அகலும். இதைப் போய் வட்டாரக் கேமரா கிளப்பில் கேட்டாள் பாருங்கள், அதுதான் அவள் செய்த முட்டாள்தனம்.

கிளப்புக்குத் தலைவர் லயனல் ப்ரூம்ஹால். காப்பீட்டுக் கம்பெனியில் சேத மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வுபெற்றவர். வெள்ளி நிறப் பெட்டிக்குள் மெத்தை வைத்து இந்த மூன்று லென்ஸ்களையும் பச்சைக் குழந்தைகள் மாதிரி படுக்கவைத்திருப்பார். வியாழக்கிழமைதோறும் இணையத்தில் எடுத்த, லென்ஸின் கூர்மையை அளந்து காட்டும் வளைகோட்டுப் படங்களைத் திரையில் போட்டு, படத்தின் மூலையில் கூர்மை எவ்வளவு என்று ஒன்றரை மணிநேரம் பேசுவார். சுற்றிலும் ஒன்பது ஆண்கள் லாமிங்டன் கேக்கைத் தின்றுகொண்டே தலையாட்டுவார்கள். நடுவில் என்ன இருக்க வேண்டும் என்று ஒருத்தர் வாயிலும் வந்ததில்லை. மலையில் நிற்காதவனுக்கு மூலைதானே உலகம் என்று க்ளெனிஸ் நினைத்துக்கொண்டாள்.

"இங்க பாரும்மா, பதினாலுதான் ராஜா," என்றார் லயனல். "மூலைக்கு மூலை கத்தி மாதிரி இருக்கும். ஆனா அதக் கையாள ஒரு பக்குவம் வேணும். உனக்கு ஒரு சின்ன ஜூம் போதுமே?"

"அந்தக் கத்தியால வெட்டின படம் ஒண்ணக் காட்டுங்களேன், பாக்கலாம்."

சிரிப்பு எழுந்து அடங்கியது. லயனல் காது சிவந்தது. மூன்று வருடமாக அந்த லென்ஸை வைத்திருக்கும் மனிதரிடம் காட்ட ஒரு படம் இல்லை.

"படம் பெரிய விஷயமா? மூணையும் எடுத்துட்டுப் போ. உன் கேமராவுக்கும் பொருந்தும். அடுத்த வாரம் வந்து நீயே சொல்லு," என்று பெட்டியைத் தள்ளினார்.

ஞாயிறு காலை க்ளாட் சாலையில், உறைபனி படிந்த ஒரு பண்ணைக் கதவருகே முக்காலியை ஊன்றினாள். முதலில் பதினாலு. வயல் முழுதும் வந்தது, வானம் முழுதும் வந்தது. மலையோ தூரத்தில் காயவைத்த வரட்டி அளவுக்குச் சுருங்கிவிட்டது. கதவுக் கம்பத்தின் அருகே போனால் கம்பம் கோபுரமாகி வெளிப்பக்கம் சாய்ந்தது. முன்கண்ணாடி முட்டைக்கண் போலப் பிதுங்கியிருந்ததால் அவளுடைய ஃபில்டரைத் திருகி மாட்டவும் வழியில்லை. நெருக்கமான காட்டுக்குள், பின்னால் நகர இடமில்லாமல் நிற்பவனுக்கு இது உதவும். அவளுக்கோ பின்னால் நகர ஒரு மாவட்டமே இருந்தது.

இருபது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு படத்திலும் காலடியில் ஒரு கல்லோ ஓடையோ வேண்டும் என்று அடம்பிடித்தது. இல்லாவிட்டால் கீழ்ப்பாதி வெறும் புல். இருபத்து நாலை மாட்டியதும் மலை மலையாக நின்றது. வேலியும் இருந்தது, பனியும் இருந்தது, ரோலண்டின் தோள் தன் கனத்தோடு மேலே ஏறியது. முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

வீட்டில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது பதினாலில் ஏதோ உறுத்தியது. இடது ஓரத்து யூகலிப்டஸ் மரங்கள் கஞ்சி மாதிரி குழைந்திருந்தன. தன் கைதான் பிசகியது என்று நினைத்து மறுநாளும் போனாள். அதே கஞ்சி. அப்போதுதான் கேமராவைத் தலைகீழாக மாட்டி ஒன்று எடுத்தாள்.

வியாழக்கிழமை இரண்டு படங்களையும் திரையில் போட்டாள்.

"இடது பக்கம் மங்கலா இருக்கே," என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார்.

"முக்காலி ஆடியிருக்கும்," என்றார் லயனல். "காத்து அடிச்சிருக்கும். பால் வண்டிக்காரிக்கு இதெல்லாம்..."

"பால் வண்டிக்காரிதான். கேளுங்க. கேமராவ நேரா வச்சப்ப இடது பக்க மரம் மங்கல். தலகீழா வச்சப்ப அதே மரம் பளிச்சுனு இருக்கு, வலது பக்கத்து மரம் மங்கிடுச்சு. மரம் ராத்திரியோட ராத்திரியா எந்திரிச்சு இடம் மாறிக்கிச்சா? உங்க ராஜாவுக்கு உள்ள ஒரு கண்ணாடி கோணலா உக்காந்திருக்கு லயனல். வாங்குன நாள்லேர்ந்தே அப்படித்தான் இருந்திருக்கும்."

யாரும் கேக்கைத் தொடவில்லை. மூன்று வருடம் மூலையைப் பற்றியே பேசிய மனிதர், தன் லென்ஸின் மூலையை ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால் போதும்.

"வாரண்டி போன மாசம்தான் முடிஞ்சுது," என்றார் லயனல். அந்தக் குரலில் இருந்த உண்மையான துக்கத்தைக் கேட்டு அவளுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெட்டியை மூடிக் கையில் கொடுத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அதற்குப் பிறகு கிளப் பக்கமே போகவில்லை. யாரோ பயன்படுத்திய இருபத்து நாலு எம்எம் லென்ஸ் ஒன்றை லான்செஸ்டன் நகரில் வாங்கிக்கொண்டாள்.

வேடிக்கை அதன்பிறகுதான். அந்த ஒன்பது பேரில் ஒவ்வொருவராக, மற்றவருக்குத் தெரியாமல், அவள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். எல்லாருக்கும் கைப்பைக்குள் ஒரு லென்ஸ், முகத்தில் பயம்.

"என்னோடதும் கோணலானு கொஞ்சம் பாத்துச் சொல்லேன் க்ளெனிஸ்."

"அதால நீங்க எடுத்த படம் இருபது கொண்டுவாங்க. பாத்துச் சொல்றேன்."

போனவர்கள் திரும்பி வரவில்லை. டெஸ் மட்டும் ஆகஸ்டில் படங்களோடு திரும்பி வந்தான். கிளப்பில் ஒரு வார்த்தை பேசாதவன், ஓய்வுபெற்ற தபால்காரன். இருபது இல்லை, பதினொன்றுதான் இருந்தன. எட்டில் அடிவானம் சரிந்திருந்தது. ஒன்றில் அவன் கட்டைவிரலே விழுந்திருந்தது.

"கேவலமா இருக்கு டெஸ்," என்றாள்.

"தெரியும். மழையில நனஞ்சுட்டே எடுத்தேன்."

"லென்ஸுல ஒரு கோளாறும் இல்ல. நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லி, இருவருக்கும் டீ போடக் கெட்டிலை வைத்தாள்.