பேக்டரிக்கு ஒப்பாரி பாடியவர்

"...அதை இங்க பாடி, இந்த பேக்டரியும் மூடிட்டா? நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இந்தப் பக்கம் வருவேங்கண்ணா?"

மேடைக்குப் பின்னால், தார்ப்பாய் மறைவில் நின்றபடி மல்லிகா கேட்டார். போன ஞாயிறு மத்தியானம், குன்னூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட் கோயில் திருவிழா. கையிலிருந்த டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

மல்லிகாவை உங்களில் பலர் செல்போனில் பார்த்திருப்பீர்கள். அடுத்த மலையில் கொழுந்து பறித்தவர். தேயிலை விலை படுத்துவிட்ட நேரம். அவருடைய எஸ்டேட் பேக்டரி ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. ஒருநாள் சாப்பாட்டு வேளையில், விளையாட்டாக மார்பில் அடித்துக்கொண்டு அதற்கு ஒப்பாரி பாடினார். 'பொகை விட்ட வாயில பூட்டு விழப் போகுதே, என் ராசா!' கூட இருந்த தோழி வீடியோ எடுத்துப் போட்டார். ஊர் உலகமெல்லாம் பார்த்தது.

அடுத்த மாதம் நிஜமாகவே பூட்டு!

இழவு விழாத இடத்தில் ஒப்பாரி எடுக்கக் கூடாது என்பது தோட்டத்து வழக்கம். கேட்க வேண்டுமா? "உன் வாய்முகூர்த்தம்தான் புள்ள" என்று லயத்து வரிசை வீடுகள் மொத்தமும் சொல்லின. விலை சரிந்ததால்தான் மூடினார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தால் பயம் போய்விடுமா, என்ன?

வேலை போன பிறகு பாட்டுதான் அவருக்குச் சோறு. ஆனால், வருகிற அழைப்பெல்லாம் அந்த ஒரு பாட்டுக்கு.

"ஒரு கல்யாண ஊட்லயே கேட்டாங்கண்ணா! ஏனுங்க, மாப்பிள்ளைக்கு உடம்பு கிடம்பு சரியில்லையான்னேன்..." சிரித்தார்.

சொந்தமாக வேறு பாட்டுகளும் கட்டி வைத்திருக்கிறார். பலாப்பழம் திருட வந்த கரடியைப் பற்றி ஒன்று — எனக்குப் பாடிக் காட்டினார், அருமை! அதைத்தான் எந்த மேடையிலும் முடிக்க விடுவதில்லை.

விழா நடந்த எஸ்டேட்டுக்காரப் பெண் ஒருவர் தார்ப்பாயை விலக்கி எட்டிப் பார்த்தார். "மல்லிகா, உனக்குப் புண்ணியமாப் போகும். அதை மட்டும் இங்க எடுத்துராத. எங்க பேக்டரியே தத்தளிச்சுட்டு ஓடுது."

அவர் நகர்வதற்குள் விழாக் கமிட்டிக்காரர். "அக்கா, சனம் ஒப்பாரிக்குத்தான் வந்திருக்கு. பாடலைன்னா அடுத்த வருசம் வேற ஆளுங்க... கோவிச்சுக்காதீங்க."

ஏதாவது சொல்லுங்கள் என்பதுபோல மல்லிகா என்னைப் பார்த்தார். வாரா வாரம் இந்தப் பத்தியில் வாய் ஓயாமல் பேசுகிறவன் நான். ஆறிப்போன டீயைக் கை நீட்டி வாங்கிக்கொண்டேன். பேர் கிடைக்க ஒரு பாட்டு போதும். அந்தப் பாட்டுக்குள்ளிருந்து வெளியே வர எத்தனை பாட்டு வேண்டும்? யாருக்குத் தெரியும்?

மேடையில் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள். போனார். விசில். "ஒப்பாரி! ஒப்பாரி!" கூட்டம் முழுக்கச் செல்போன்கள் உயர்ந்தன.

மல்லிகா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க... இங்க யாருங்க செத்துப் போனாங்க?"

விசில் அடித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கரடிப் பாட்டை ஆரம்பித்தார். முதல் அடியில் குரல் பிசிறியது. செல்போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அடுத்த அடியை எடுத்தார்.