நல்லெண்ணத்தோடு முயற்சி

பூமிநாதன் டெல்லியில் என்ன வேலை பார்க்கிறார் என்பது ஊர்க்காரர்களுக்கு ஒருநாளும் பிடிபடவில்லை. லீவில் வந்து திருச்சுழியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் போதும், யாராவது ஒருத்தர் பிடித்துக்கொள்வார்.

"குண்டு செய்யிற ஆபீஸ்ல இருக்கியாமே, மெய்தானா?"

"செய்யிறதில்ல மாமா. அணுகுண்டு யாரு வச்சுக்கலாம், யாரு வச்சுக்கக் கூடாதுன்னு நாடுக கூடி ஒப்பந்தம் எழுதுவாக. அத வரிவரியாப் படிச்சு நம்ம சர்க்காருக்கு எடுத்துச் சொல்றது என் வேலை."

"செய்யக் கூடாதுன்னா சும்மா இருந்துட்டுப் போறாக. அதுக்கு எதுக்குய்யா ஒரு ஆபீஸு? குண்டுதான் வேணும்னா இந்தா கெடக்கு சிவகாசி."

கூடி நின்றவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரித்து வைப்பார். சிரிப்பு அடங்குவதற்குள் ஒருத்தர் மகனுக்கு ரயில்வே வேலை கேட்பார், இன்னொருத்தர் கேஸ் சிலிண்டருக்குச் சிபாரிசு கேட்பார். அதெல்லாம் தன் கையில் இல்லை என்று சொன்னால், டெல்லிக்குப் போனதும் தலைக்கனம் ஏறிவிட்டது என்று பேச்சு.

சும்மா சொல்லக் கூடாது, வேலையில் மனுசர் சூரர். மதுரையில் காலேஜ் முடித்து, டெல்லியில் மேல்படிப்புப் படித்து, எழுபதுகளின் கடைசியில் சர்க்கார் ஆபீசில் சேர்ந்தவர். மற்றவர்கள் இரண்டு வருசம் இருந்துவிட்டு நல்ல ஊராகப் பார்த்து மாற்றல் வாங்கிப் போவார்கள். இவர் அந்த நாற்காலியிலேயே வேர் பிடித்து உட்கார்ந்துவிட்டார். எந்த ஒப்பந்தத்தில் எந்தப் பிரிவு எங்கே இழுக்கும், எங்கே வழுக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு.

அவருக்கு ஒரே ஒரு ஒப்பந்தத்தின் மேல்தான் தீராத ஆத்திரம். குண்டு வைத்திருக்கும் ஐந்து நாடுகள் வைத்துக்கொள்ளலாம், மற்றவன் எவனும் செய்யக் கூடாது என்ற ஒப்பந்தம். அப்படியானால் அந்த ஐந்து பேருடைய குண்டுக்கு என்ன கதி? அதற்கும் ஒரு வரி இருந்தது. அவற்றை ஒழிப்பதற்கு அவர்கள் நல்லெண்ணத்தோடு பேச்சு நடத்துவார்களாம். எண்பதுகள் முழுக்க அந்த ஒரு வரியைக் கிழித்துத் தோரணம் கட்டுவதே பூமிநாதனுக்கு வேலையாக இருந்தது. "எப்போது முடிப்பார்கள் என்று இல்லை. முடிக்காவிட்டால் என்ன என்று இல்லை. இல்லாதவன் கையைக் கட்டிப்போட்டுவிட்டு, இருக்கிறவனை வாயால் வாழ்த்துகிற வழவழா கொழகொழா" என்று புதிதாக வரும் அதிகாரிகளுக்கு வகுப்பே எடுப்பார். நம் நாடு அதில் கையெழுத்துப் போடவில்லை என்பதில் அவருக்குச் சொந்தச் சொத்து மாதிரி ஒரு பெருமை.

ஊரில் அவருக்கு ஓர் அண்ணன், ஒரு தங்கச்சி. அண்ணன் மருதுபாண்டி கரிசலில் பருத்தியும் கொத்தமல்லியும் போடுகிற ஆள். பூமிநாதன் பங்கு நிலத்தையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். தங்கச்சி முருகலட்சுமி கட்டிக்கொடுத்த இடத்தில் புருசனைப் பறிகொடுத்து, கைக்குழந்தையாக இருந்த மகளோடு திரும்பி வந்தவள். சாகிறதுக்கு முன்னால் அவர்கள் அப்பா, ஓடைப் பக்கம் ரெண்டு ஏக்கரை அவள் பேருக்கு எழுதிவைத்தார். மிளகாய் போட்டாள். வம்பும் தும்புமாக ஆயிரம் பேர் பேசட்டும், கைநீட்டாமல் பிழைத்தாள். அந்த ரெண்டு ஏக்கர்தான் அவளுக்குப் புருசன், தாய், தகப்பன் எல்லாம்.

தண்ணிக்கு அண்ணன் தங்கச்சி இருவருக்கும் பொதுவில் ஒரு கிணறு. முறை வைத்துப் பாய்ச்சிக்கொண்டார்கள். மோட்டாருக்குக் கரண்டு இணைப்பு மட்டும் மருதுபாண்டி பேரில். தொண்ணூறுக்கு மேல் ஊரில் போர்வெல் லாரி நுழைந்தது. மருதுபாண்டிதான் முதலில் போட்டார். நல்ல தண்ணி, கை கனத்துக்கு விழுந்தது. அதிலிருந்து கிணறு இறங்க ஆரம்பித்தது. முருகலட்சுமியின் முறை வரும்போது மோட்டார் கொஞ்ச நேரம் இழுத்துவிட்டுக் காத்தைக் கக்கும்.

தொண்ணூத்தஞ்சு பொங்கலுக்குப் பூமிநாதன் வந்தபோது வீடு ரெண்டுபட்டுக் கிடந்தது. முருகலட்சுமி தன் நிலத்தில் போர்வெல் போட ஏற்பாடு பண்ணியிருந்தாள். பொங்கல் கழிந்ததும் லாரி வருவதாகப் பேச்சு. பக்கத்து நிலத்துப் பங்காளி, சித்தப்பா மகன் காளிராஜும் போடப் போவதாகச் சொல்லித் திரிந்தான். மருதுபாண்டி குதித்தார்.

"ஆளாளுக்குத் தொளை போட்டா ஊத்து என்னத்துக்கு ஆகும்? ஒருத்தருக்கும் இல்லாமப் போயிரும். அவ போட்டான்னா கெணத்து மோட்டாரு கரண்ட நான் புடுங்கிருவேன். சொல்லிட்டேன்."

"நீங்க மட்டும் போட்டுக்கிறலாமாக்கும்?" என்றாள் முருகலட்சுமி.

"நான் போட்டது போட்டதுதான். இனிமே எவனும் போடக் கூடாது. ஏலே பூமி, நீதான் ஒலகத்துக்கே ஒப்பந்தம் எழுதுறவனாச்சே. இத எழுதித் தீத்துவிட்டுப் போ."

பூமிநாதனுக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை வருசத்தில் அவர் வேலையை வீட்டில் ஒருத்தர் மதித்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. நாடுகளை உட்கார வைத்துப் பேசுகிறவன், கூடப்பிறந்தவர்களை உட்கார வைக்க மாட்டானா?

காளிராஜை வரச்சொன்னார்கள். வந்தவன் உட்காரக்கூட இல்லை.

"ஏலே பூமி, உங்க அண்ணங்கிட்ட இருந்தா தப்பில்ல, என்கிட்ட இருந்தா தப்பா? ஊத்து மேல அம்புட்டு அக்கறைன்னா மொதல்ல அவரு போர மூடச் சொல்லு. அப்புறம் நானும் போடல."

பூமிநாதன் டெல்லியில் டைப் அடித்துக் கொடுத்த அதே நியாயம். ஆனால் அந்தக் கூடத்தில் அது அவர் காதில் ஏறவேயில்லை. காளிராஜ் வாய்க்கொழுப்பில் பேசுகிறான் என்றுதான் பட்டது. "இருக்கிறத மூடுறது நடைமுறைக்கு ஆகாதுப்பா, மொதல்ல பெருகாமத் தடுப்போம்" என்றார். நாடுகள் கூடிப் பேசுகிற ஜெனீவாவில் எதிர்ப்பக்கத்து ஆட்கள் அவரிடம் சொல்கிற பதில் அது! அப்படியே அவர் வாயில் வந்தது. வந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. காளிராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

"அவன் கெடக்கான். நாம ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம்" என்றார் மருதுபாண்டி.

பூமிநாதன் எழுதினார். முருகலட்சுமி போர்வெல் போட மாட்டாள். மருதுபாண்டி கிணற்று மோட்டார் கரண்டை நிறுத்த மாட்டார். கிணறு வற்றினால் மருதுபாண்டி தன் போர்வெல்லிலிருந்து வாரம் ரெண்டு முறை அவளுக்குத் தண்ணீர் விட வேண்டும். மூன்றாவதைப் படித்ததும் மருதுபாண்டி முறுக்கிக்கொண்டார்.

"விட வேண்டும்னா? கரண்டு இல்லாட்டி? எம்பயிரு வாடுனா? என்னக் குத்தவாளியாக்கப் பாக்கியா? நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மறுநாள் பூமிநாதன் ரயிலேற வேண்டும். அந்த மாசக் கடைசியில் ஜெனீவாவில் பேச்சுவார்த்தை. பாதியில் விட்டுப் போக மனசில்லை. பேச்சு முறியப் போகும்போது என்ன செய்வது என்பது அவர் கைக்குத் தெரியும். எல்லாரும் விழுங்குகிற மாதிரி ஒரு வார்த்தையைத் தேடு. பேனாவைத் திறந்தார். 'விட வேண்டும்' என்பதை அடித்தார். 'தண்ணீர் விடுவதற்கு நல்லெண்ணத்தோடு முயற்சி செய்வார்' என்று எழுதினார்.

எழுதி முடித்ததும் அந்த வரியைத் திரும்ப ஒருதரம் படித்தார். அது எந்த வரி என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தது. சொந்த அண்ணன்தானே, கூடப்பிறந்தவளைத் தவிக்கவா விடுவார் என்று தனக்குத் தானே பூசி மெழுகிக்கொண்டார்.

"படிச்சுப் பாரு தாயி."

"நீங்க எழுதுனத நான் என்னத்தப் படிக்க?" என்று முருகலட்சுமி கையெழுத்துப் போட்டாள். போர்வெல் லாரி வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லி அனுப்பினாள்.

காளிராஜ் அடுத்த கோடையில் போட்டான். மருதுபாண்டியை விட ஆழமாகப் போட்டான். மருதுபாண்டி விடுவாரா? லாரியைத் திரும்ப வரவழைத்து, தன்னுடையதை இன்னும் கீழே இறக்கினார். போட்டி போட்டுக்கொண்டு ரெண்டு பேரும் பூமியை உறிஞ்சினார்கள். கிணறு பாறை தெரிய வற்றிப்போனது.

தொண்ணூத்தாறில் ஒருநாள், திருச்சுழி எஸ்டிடி பூத்திலிருந்து முருகலட்சுமி டெல்லிக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, செடி பூவும் பிஞ்சுமா நிக்கி. பெரியண்ணன் தண்ணி விட மாட்டேங்காக. நாளைக்கு நாளைக்குங்காக. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே."

பூமிநாதன் அண்ணனைப் போனில் பிடித்தார். மருதுபாண்டி கோபப்படவேயில்லை.

"நான் என்ன மாட்டேன்னா சொன்னேன்? முயற்சி பண்ணிக்கிட்டுத்தான இருக்கேன். நல்லெண்ணத்தோடதான் பண்றேன். நீ எழுதுன மாதிரியேதான நடக்கேன்?"

பூமிநாதன் போனை வைத்தார். மறுபடி கூப்பிட்ட தங்கச்சியிடம், "அவசரப்படாத தாயி, கொஞ்சம் பொறுத்துக்க" என்றார். அந்தக் காகிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு நீயும் போர்வெல் போடு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தான் முடித்துவைத்த ஒரே ஒப்பந்தம் தன் வாயாலேயே உடைய வேண்டுமா என்று ஒரு பாழாய்ப்போன வீம்பு. அந்த வாரமே ஜெனீவாவுக்குப் பறந்தார். குண்டுச் சோதனையைத் தடுக்கிறோம் என்று வந்த புது ஒப்பந்தத்தை, இருக்கிறவனுக்கு ஒரு நியாயம் இல்லாதவனுக்கு ஒரு நியாயம் என்று நம் நாடு மறுத்தது. அந்த மறுப்புக்கு ராவும் பகலுமாகக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். மேலதிகாரிகள் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

மிளகாய் கருகியது. அடுத்த வருசம் மழையும் கைவிட்டது. தண்ணி இல்லாத நிலத்தை யார் வாங்குவார்? பக்கத்தில் தண்ணி வைத்திருக்கிற மருதுபாண்டிதான் வாங்கினார். முருகலட்சுமி மகளோடு அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லுக்குப் பக்கத்தில் வாடகைக்குப் போனாள். தாயும் மகளும் ஷிப்ட்டுப் பார்த்தார்கள்.

தொண்ணூத்தெட்டு மே மாசம் நம் நாடே குண்டு வெடித்துப் பார்த்தது. ஊருக்கு ஊர் வெடி போட்டு மிட்டாய் கொடுத்தார்கள். அந்த மாசம் பூமிநாதன் வந்தபோது, திருச்சுழியில் மருதுபாண்டி முன்னின்று பாராட்டுக் கூட்டம் வைத்தார். எல்லா நாடும் குண்டை ஒழிக்க வேண்டும் என்று இருபது வருசம் எழுதின மனுசருக்கு, குண்டு வெடித்ததற்காக ரோஜா மாலை! வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தார், எவன் கேட்டான்? அருப்புக்கோட்டையிலிருந்து வந்த ஒரு வாத்தியார் மைக்கில் விளாசினார். "தன்னிடம் ஆயிரம் குண்டை வைத்துக்கொண்டு, உன்னிடம் ஒன்றுகூட இருக்கக் கூடாது, போடு கையெழுத்து என்றான் வெள்ளைக்காரன். போட மாட்டோம், அது ஏமாற்று வேலை என்று சொன்னவர் நம் பூமிநாதன்!" கைதட்டல் வானத்தைப் பிளந்தது.

கூட்டத்தில் முருகலட்சுமியும் இருந்தாள். மில்லில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். எல்லாரும் கலைந்த பிறகு, மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணனிடம் வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள்.

"சின்னண்ணே, அந்த வாத்தியார் சொன்னது நெசமா? அவுக சொன்னதுக்குக் கையெழுத்துப் போடக் கூடாதுன்னு ஒங்களுக்கு மொதல்லயே தெரியுமா?"

"தெரியும் தாயி."

"எப்பருந்து?"

"வேலைக்குச் சேந்ததுலருந்து."

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"அப்ப என்னைய மட்டும் எதுக்குண்ணே போடச் சொன்னீக?"

பூமிநாதன் மாலையைப் பக்கத்து நாற்காலியில் வைத்தார்.

"அண்ணன் தங்கச்சிக்குள்ள சண்ட வந்துறக் கூடாதேன்னு நெனச்சேன் தாயி."

"சண்ட வரலையேண்ணே" என்றாள் முருகலட்சுமி. "நெலந்தான போச்சு."

அருப்புக்கோட்டை பஸ் கிளம்பப் பார்த்தது. அவள் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.