பத்துக்கு மூன்று

என் குறிப்பேட்டில் உள்ளதையும் நேரில் கேட்டதையும் மட்டுமே எழுதுகிறேன். இணையப் பழக்கத்திலிருந்து ஒருவர் மீண்டதைச் சற்று மிகைப்படுத்தினாலும், படிக்கும் இளைய ஆலோசகர்கள் நடவாததை எதிர்பார்த்து ஏமாறுவார்கள். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

ஒரகடத்தில் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் நான் தொழிலாளர்களுக்கான மனநல ஆலோசகர். பரமக்குடியிலிருந்து வந்து பிள்ளைப்பாக்கத்தில் அறையெடுத்திருந்த பயிற்சித் தொழிலாளி மாரியப்பன், தூக்கம் கெட்டு ரீல்ஸ் பார்த்ததில் முதல் ஷிஃப்ட் பேருந்தை இருமுறை தவறவிட்டார். செயலியை நீக்கும்படி அறிவுரை சொன்னேன். பணிவாகத் தலையாட்டினார், மூன்றாம் முறை பேருந்தைத் தவறவிட்டது அதற்குப் பிறகுதான். இன்னொருமுறை தவறினால் பணி உறுதியாகாது.

சூப்பர்வைசர் ஏழுமலை அவரை மீண்டும் அழைத்துவந்தார். “இவன் கைல போன் இல்ல மேடம், போன் கைலதான் இவன் கீறான். புடுங்கி லாக்கர்ல போட்டுடுங்க.”

“அண்ணனும் இருக்கட்டும் மேடம்” என்று மாரியப்பன் சொன்னதால் ஏழுமலையையும் அமர்த்திக்கொண்டேன். இம்முறை அறிவுரையைக் கைவிட்டு, மாறுவதற்கான காரணத்தை அவர் வாயாலேயே வரவழைக்கும் ஊக்கமூட்டும் நேர்காணல் முறையில் கேட்டேன்: “இதக் குறைக்கிறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பத்துக்கு எத்தனை போடுவீங்க?”

“ஒரு மூணு இருக்கும் மேடம்.”

ஏழுமலை பதறினார். “மூணா? ஆடிட்ல மூணு வந்தா லைனையே நிறுத்திடுவாங்கடா! எட்டுன்னு போட்டுக்கோங்க மேடம்.”

“சரி மேடம், எட்டு” என்றார் மாரியப்பன் உடனே.

அங்கே எண் என்பது மேலதிகாரிக்குக் காட்டுவதற்கானது. நான் மூன்றையே எழுதினேன். “ஏன் மூணு? ஒண்ணுன்னு ஏன் சொல்லல?”

எண் ஏன் குறைந்தது என்றே விளக்கம் சொல்லிப் பழகியவர், ஏன் இன்னும் குறையவில்லை என்று கேட்டதும் விழித்தார்.

“ஒண்ணு எப்படி மேடம்? பிரஸ் மெஷின் முன்னால கண்ணு சொருகுது. கை போயிருமோன்னு பயமா கெடக்கு. பெர்மனென்ட் ஆனாத்தான் ரோபோ டிரெய்னிங்குக்கு எடுப்பாக. அதுக்குத்தானே இம்புட்டு தூரம் வந்தேன்.”

“இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடா?”

“நீங்க எங்கண்ணே கேட்டீக?”

அன்றே அவரைப் பிரஸ்ஸிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றினார் ஏழுமலை.

வழியையும் மாரியப்பனே வகுத்தார்: படுக்குமுன் போனை வாசலருகே ஆணியில், பையிலிட்டு மாட்டுவது; காலையில் அதன் அலாரத்தை அணைக்க எழுந்து நடந்தாக வேண்டும். அது போதாதென்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. தொழிலில் நான் கடைசியாகக் கற்றதும் கடினமாகக் கற்றதும் அவ்வாறு வாய்மூடி இருப்பதைத்தான்.

பயிற்சி முடியும்வரை அவர் ஒருநாளும் பேருந்தைத் தவறவிடவில்லை. வருகைப் பதிவேட்டில் சரிபார்த்தேன். பணி உறுதி ஆணையைக் கொண்டுவந்து காட்டினார். ஏழுமலை கேன்டீனில் எல்லாருக்கும் கேசரி வாங்கிக் கொடுத்து, தாமும் இரண்டு தட்டு உண்டார்.

மாரியப்பன் இப்போது நாள்தோறும் எவ்வளவு நேரம் ரீல்ஸ் பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியாது. அன்று அந்தக் கேள்வியை நான் கேட்காமலிருந்தாலும் அவர் மாறியிருப்பாரா என்பதும் தெரியாது.