எத்தனையாவது ஆட்டம்

அந்த நீலச் சட்டை சாச்சாவுக்கு ஒருநாளும் அளவாக இருந்ததில்லை. நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும், கீழ்விளிம்பு வயிற்றுக்கு மேலே ஏறி நிற்கும், கையை உயர்த்தினால் அக்குளில் தையல் விடும். சட்டையைத் தைத்தவரும் அவரேதான். யாழ்ப்பாண நகரத்தில் தையற்கடை வைத்திருந்தவருக்குத் தனக்கொரு சட்டை அளவாகத் தைக்கத் தெரியவில்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். அது அவருடைய அளவே இல்லை, இன்னொருவருடைய அளவு. புத்தளத்தில் எங்கள் அகதி முகாமுக்குப் பின்னால், உப்பளத்துக்குப் போகிற வழியில் ஒரு வெட்டைவெளி இருந்தது. முதுகில் பதினொன்று என்ற இலக்கத்தோடு அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க அவர் அங்கே ஓடியது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

சாச்சா என் வாப்பாவின் தம்பி. தையற்காரர் என்பதால் நகரத்தில் அவரை எல்லோரும் ரெயிலர் என்றுதான் கூப்பிட்டார்கள். எங்கள் சோனகத் தெரு இளைஞர்களுக்கும் குருநகர்ப் பக்கத்துக் கழகம் ஒன்றுக்கும் வருடத்துக்கு ஒருமுறை உதைபந்தாட்டம் நடக்கும். நாங்கள் முஸ்லிம்கள், அவர்கள் கடற்றொழில் செய்கிற கத்தோலிக்கர்கள். வெள்ளி எங்களுக்குச் சரிவராது, ஞாயிறு அவர்களுக்குச் சரிவராது, ஆகவே ஆட்டம் சனிக்கிழமைதான். அதிலும் எங்கள் நோன்பும் அவர்களுடைய தவக்காலமும் படாத ஒரு சனிக்கிழமையாகப் பார்த்து எடுக்கவேண்டும். அந்தத் தேதியைப் பிடிப்பதற்குள் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் ஒரு கலியாணத்துக்கு நாள் பார்க்கிற பாடு படுவார்கள். ஆட்டம் எப்படித் தொடங்கியது என்று கேட்டால், அவர்கள்தான் முதலில் சவால் விட்டார்கள் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். நாங்கள்தான் விட்டோம் என்று அவர்கள் சொல்வார்கள். தோற்ற பக்கம் வென்ற பக்கத்துக்குச் சோறு போடவேண்டும் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அவர்கள் தோற்றால் எங்களுக்கு நண்டும் இறாலும் போட்ட ஒடியற்கூழ், நாங்கள் தோற்றால் அவர்களுக்குப் புரியாணி. புரியாணிக்காகவே அவர்கள் வெறிபிடித்தவர்கள் மாதிரி விளையாடுகிறார்கள் என்று எங்கள் வீட்டுப் பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

சாச்சா எங்கள் அணியில் வலப்பக்கப் பின்வரிசை ஆட்டக்காரர். அவருக்கு நேரெதிரே வருகிறவர் குருநகரின் பதினோராம் நம்பர். அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. இடக்காலால் பந்தைக் கூட்டிக்கொண்டு போவதில் அந்த ஆளுக்கு நிகர் கிடையாது. வருடாவருடம் சாச்சாவை ஒரே மாதிரித்தான் ஏமாற்றுவார். சாச்சாவும் வருடாவருடம் ஒரே மாதிரித்தான் ஏமாறுவார். ஆட்டம் முடிந்ததும் இரண்டுபேரும் ஒரே சோற்றுக் கோப்பையில் சாப்பிடுவார்கள். இரண்டு அணிகளுக்கும் சட்டை தைத்தது சாச்சாவின் கடைதான், எங்களுக்குப் பச்சை, அவர்களுக்கு நீலம். ஆகவே குருநகரின் பதினொரு பேருடைய நெஞ்சளவும் தோளளவும் அவருக்கு மனப்பாடம்.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில், முஸ்லிம்கள் எல்லோரும் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று ஆயுதத்தோடு வந்த இயக்கத்தார் சொன்னார்கள். நகரத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். சாச்சாவின் மெஷின், துணிகள், அளவுப் புத்தகம் எல்லாம் கடையோடு போயின. முகாமுக்கு வந்து சேர்ந்த முதல் மாதங்களில் அவர் யாரோடும் கதைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. கிடுகுக் கொட்டிலின் வாசலில் இருந்துகொண்டு, கையில் இல்லாத துணியை மடித்துக்கொண்டிருப்பார். அடுத்த வருடம் ஆட்டத்துக்குரிய சனிக்கிழமை நெருங்கியபோதுதான் ஒருநாள் எழும்பி வந்து, இந்த வருடமும் ஆட்டம் நடக்கும் என்றார். யாரோடு என்று கேட்டோம். குருநகரோடு என்றார். இந்த மனிதருக்கு மூளை கலங்கிவிட்டது என்று நான் உள்ளபடியே பயந்தேன்.

அவர் நினைத்தது இதுதான். எங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து, பாதிப்பேர் சோனகத் தெருவாகவும் பாதிப்பேர் குருநகராகவும் விளையாடவேண்டும். ஒருவரும் குருநகராக இருக்கச் சம்மதிக்கவில்லை. எங்களைத் துரத்திய ஊரின் பெயரில் விளையாடுவதா என்று சிலர் கோபப்பட்டார்கள். துரத்தியது அவர்கள் இல்லை, பதினோராம் நம்பர் கடைசிவரை கடை வாசலில் நின்று அழுததைத் தான் கண்ணால் கண்டதாகச் சாச்சா சொன்னார். கடைசியில், வேறு ஆள் இல்லையென்றால் தானே போடுகிறேன் என்று பதினோராம் நம்பர் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டார், அதற்குப் பிறகுதான் மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். நிவாரணமாகக் கிடைத்த துணியில் அவர் கையாலேயே தைத்த சட்டைகள் அவை. பதினொன்றும் அந்தந்த ஆளின் அளவிலேயே இருந்தன, அதனால் எங்களில் யாருக்குமே பொருந்தவில்லை. ஆட்டம் முடிந்ததும், இது எத்தனையாவது ஆட்டம் என்று ஊரில் விட்ட எண்ணிலிருந்து தொடர்ந்து எண் போட்டு, ஒரு கொப்பியில் விபரம் எழுதுவார். அங்கேயும் விட்டுக்கொடுக்க மாட்டார். எங்கள் பக்கத்துக்கு எங்கள் பெயர்கள், குருநகர்ப் பக்கத்துக்குக் குருநகர் ஆட்களின் சொந்தப் பெயர்கள். எங்கள் மூத்தம்மாவின் பேரன் அடித்த கோலைக்கூட அவர்களுடைய ஏழாம் நம்பரின் பெயரில்தான் பதிவார். கெட்டிக்காரர்களை எல்லாம் நீலப் பக்கத்துக்கு எடுத்துவிடுவார். அவர்கள் நன்றாக விளையாடுகிறவர்கள், பேயன்களைப் போட்டு அவர்களை அவமானப்படுத்தக் கூடாது என்பது அவருடைய நியாயம். அதனால் நாங்கள் பெரும்பாலும் தோற்றோம். தோற்று, பங்கீட்டு அரிசியில் வடித்த சோற்றையும் பருப்பையும் அவருடைய அணிக்குப் போட்டோம். பிறவியிலேயே வலக்காலன் அவர். அந்த வயதில் இடக்காலால் அடிக்கப் பழகினார், பதினோராம் நம்பர் வலக்காலால் அடிக்கமாட்டாராம்.

இப்படியே வருடங்கள் போயின. இடையில் யுத்தநிறுத்தம் வந்து பாதை திறந்த காலத்தில் பலர் யாழ்ப்பாணம் போய் வீடுகளைப் பார்த்துவிட்டு வந்தார்கள். சாச்சா போகவில்லை. சொந்த ஊருக்கு விருந்தாளியாகப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வரத் தன்னால் முடியாது என்றார். போய் வந்தவர்கள் கிணற்றையும் கூரையையும் பற்றிச் சொன்னார்களே தவிர, குருநகரின் பதினோராம் நம்பரைப் பற்றி விசாரித்துக்கொண்டு வர யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

யுத்தம் முடிந்து சில குடும்பங்கள் திரும்பிப் போகத் தொடங்கியபோது, ஆட்டத்தையும் திரும்பத் தொடங்கலாம் என்று பேச்சு வந்தது. கடிதப் போக்குவரத்தை நான்தான் பார்த்துக்கொண்டேன். அறிவித்தலையும் நானே எழுதி, இரண்டு பக்கத்துக்கும் பிழையில்லாமல் இருக்கட்டும் என்று ‘முதலாவது வருடாந்த உதைபந்தாட்டம்’ என்று தலைப்பும் போட்டேன். புதிதாகத் தொடங்குவது நாகரிகம் என்று நினைத்தேன். சாச்சா அதை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். எனக்கு அடி விழும் என்றுதான் நினைத்தேன்.

“முதலாவது எண்டு போட்டா, நாங்கள் நேற்று வந்து இறங்கின ஆக்கள் எண்டல்லோ அர்த்தம்,” என்றார். “என்ரை வாப்பா விளையாடின ஆட்டமடா இது.”

அன்றைக்குத்தான் அந்த எண்ணில் அவர் எதைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு விளங்கியது. காணி உறுதி தொலைந்தவர்கள் எங்களில் பலர். வீடு இருந்த இடத்தில் இப்போது மரம் நிற்கிறது. எத்தனையாவது ஆட்டம் என்ற அந்த எண் ஒன்றுதான் நாங்கள் இந்த ஊர்க்காரர் என்பதற்கு அவரிடம் மிஞ்சியிருந்த அத்தாட்சி. ஒரு வருடம்கூட விடுபடவில்லை என்று காட்டுவதற்குத்தான் அந்த ஒடுக்கமான சட்டையை அவ்வளவு காலமும் போட்டிருக்கிறார்.

வான் வண்டி ஒன்றில் காலமை யாழ்ப்பாணம் வந்து இறங்கி, அன்று பின்னேரமே குருநகர் வாசிகசாலைக்குப் போனோம். கழகத்தின் செயலாளர் பதினோராம் நம்பரின் மூத்த சகோதரர். மீனைக் கூறி விற்றுப் பழகிய பெரிய குரல், தலை முழுக்க நரை. சாச்சாவைக் கண்டதும் கட்டிப்பிடித்து, ரெயிலர், ரெயிலர் என்று முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார். தம்பி எங்கே என்று சாச்சா கேட்டார். பிறகு சொல்கிறேன், முதலில் வந்த விசயத்தைக் கதைப்போம் என்று அவர் கதிரையை இழுத்துப் போட்டார்.

எண் விசயத்தில் செயலாளர் இறங்கி வரவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இடையில் இத்தனை வருடம் ஆட்டம் நடக்கவில்லை, நடக்காததை எப்படி எண்ணுவது என்றார். நடந்தது என்று சாச்சா கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். நாங்கள் நிற்காத ஆட்டத்தை எங்களோடு விளையாடியதாக எப்படி எழுதலாம் என்று செயலாளர் திரும்பக் கேட்டார்.

“நீங்கள் நிண்டனீங்கள், அண்ணை,” என்றார் சாச்சா. “வாசிச்சுப் பாருங்கோ.”

செயலாளர் முதலில் சிரித்துக்கொண்டுதான் வாசித்தார். தன் ஆட்களின் பெயர்களைக் கண்டதும் பக்கத்தில் இருந்த கழக இளைஞர்களுக்கும் காட்டினார். நாங்கள் புத்தளத்தில் நல்லாத்தான் விளையாடியிருக்கிறம் என்று பகிடி விட்டார். பிறகு பக்கங்களைப் புரட்டப் புரட்டச் சத்தம் குறைந்தது. ஓரிடத்தில் விரலை வைத்தார்.

“இந்த வருசம் என்ரை தம்பி ரெண்டு கோல் அடிச்சிருக்கிறான்.”

“ஓம் அண்ணை.”

“அவன் கடலுக்குப் போய்த் திரும்பி வராமல் விட்டது இதுக்கு ஆறு வருசத்துக்கு முதல், ரெயிலர்.”

சாச்சாவின் முகத்தை அப்போது என்னால் பார்க்க முடியவில்லை. களவு எடுத்துப் பிடிபட்டவர் மாதிரி எழும்பி, கொப்பியை எடுக்கக் கையை நீட்டினார். தெரியாமல் எழுதிவிட்டேன், தெரிந்திருந்தால் பெயரைத் தொட்டிருக்க மாட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. பாதை திறந்த காலத்தில் ஒரு வார்த்தை விசாரிக்காமல் இருந்த என்னையே நொந்துகொண்டேன். செயலாளர் கொப்பியை விடவில்லை. உள்ளங்கையால் அந்தப் பக்கத்தை அமத்திப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒரு கேள்விதான் கேட்டார்.

“இதை எப்பிடி அடிச்சவன்?”

சாச்சா நீட்டிய கையை எடுத்தார். பிறகு சொன்னார். இடப்பக்கக் கோட்டோடு பந்தைக் கூட்டிக்கொண்டு வந்து, உள்ளே வெட்டுகிற மாதிரிக் காட்டி, வெளியாலே எடுத்து, இடக்காலால் தூரத்துக் கம்பத்தடிக்கு. வாயால் சொன்னது போதாமல் இரண்டு கதிரைகளைத் தள்ளிவைத்து, அறுபது வயதில் அந்தச் சீமெந்துத் தரையில் ஓடியும் காட்டினார். செயலாளர் தலையை ஆட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தார். ஓம், அவன் அப்பிடித்தான் வெட்டுவான் என்று இளைஞர்களுக்குச் சொன்னார். மற்றக் கோலையும் கேட்டார். முந்தின வருடத்ததையும் பிந்தின வருடத்ததையும் கேட்டார். தனக்குத் தெரியாமல் தம்பி இவ்வளவு காலம் விளையாடிக்கொண்டு இருந்திருக்கிறான் என்றார்.

எண்ணைப் பற்றிப் பிறகு யாரும் கதைக்கவில்லை. தேத்தண்ணி வந்தபோது செயலாளர் என் அறிவித்தலைக் கேட்டு வாங்கி, ‘முதலாவது’ என்பதைக் குறுக்காக வெட்டி, கொப்பியில் இருந்த கடைசி எண்ணுக்கு அடுத்த எண்ணை எழுதி என்னிடம் தந்தார். அந்த வரிசையில்தான் இன்றும் ஆட்டம் நடக்கிறது. சாச்சா இல்லை, செயலாளரும் இல்லை. ஒவ்வொரு வருடமும் பதாகை எழுதக் கொடுக்கும்போது, இவ்வளவு பெரிய எண்ணா, இடையில் நீங்கள் இங்கே இருக்கவில்லையே என்று யாராவது ஒருவர் என்னிடம் கேட்கத்தான் செய்கிறார். நான் அந்தப் பின்னேரத்தை முழுக்கச் சொல்கிறேன், இப்போது உங்களுக்குச் சொன்னதுபோல.

அன்று நாங்கள் வெளிக்கிடும் நேரத்தில் செயலாளர் இன்னொருமுறை கொப்பியைத் திறந்தார். கடைசிப் பக்கங்களில் ஒன்றில், பெயர் எதுவும் போடாமல், குருநகருக்குக் கிடைத்த பெனால்டி தவறியது என்று மட்டும் இருந்தது. அந்த ஒரு வரியில்தான் பெயர் இல்லை. இதுவும் தம்பியோ என்று கேட்டார்.

“இல்லை அண்ணை,” என்றார் சாச்சா. “அது நான். அவன் எண்டால் அடிச்சிருப்பான்.”