தேவதூதன் வேஷமும் மழைப் போத்தலும்

மூன்று வருஷம் நான் ஆடாக நடித்தேன். எங்கள் தோட்டத்து ஜெப வீட்டில் கிறிஸ்மஸ் நாடகம் போட்டால் சின்னப் பிள்ளைகளுக்கு ஆட்டு வேஷம்தான். முழங்காலில் தவழ்ந்துபோய், குழந்தை இயேசுவைக் கிடத்தும் முன்னணைக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ள வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. நாலாவது வருஷம், எனக்குப் பத்து வயது நடக்கும்போது, தேவதூதன் வேஷம் கிடைத்தது. மரியாளிடம் வந்து பயப்படாதே என்று தொடங்கி நாலு வரி பேசுகிற தூதன். அந்த நாலு வரியை நான் தேயிலைச் செடிக்குச் சொன்னேன், கோழிக்குச் சொன்னேன், பள்ளிக்கூடம் போகிற வழியில் சும்மா நின்ற நாய்க்கும் சொன்னேன். அம்மா மலையில் கொழுந்து எடுத்துவிட்டு வந்த கையோடு, பழைய வெள்ளைப் பெட்ஷீட்டில் கவுன் தைத்தார். பிஸ்கட் அட்டைப் பெட்டியை வெட்டிப் பஞ்சு ஒட்டி, பதுளையில் வாங்கிய தங்கச் சரிகையை ஓரத்தில் சுற்றி, இரண்டு றெக்கை செய்தார்.

நாடகம் சனிக்கிழமை மூன்று மணிக்கு. மழை புதன்கிழமையே தொடங்கிவிட்டது.

மழையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் போத்தலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் லயம் மலையோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. மேலே தேயிலை, அதற்கும் மேலே காடு. வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். பின்சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு விட்டபோது, வேறு இடத்தில் வீடு கட்டித் தாருங்கள் என்று பன்னிரண்டு குடும்பமும் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம். அரசாங்க ஐயாமார் ஜீப்பில் வந்தார்கள். வெடிப்பை அளந்தார்கள், போட்டோ பிடித்தார்கள், அம்மா ஊற்றிய தேத்தண்ணியைக் குடித்தார்கள். பிறகு ஒரு நாள் திரும்பி வந்து, மழை அளக்கிற ஒரு பிளாஸ்டிக் போத்தலைத் தந்து, லயத்துக்கு முன்னால் ஒரு கம்பத்தில் மாட்டிவிட்டுப் போனார்கள். வீடு கேட்டோம், போத்தல் தந்தார்கள். ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும், இந்தக் கோபத்தை மட்டும் அவரிடம் கொடுத்துவிட்டேன் என்று என்னால் பொய் சொல்ல முடியாது.

போத்தலில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று கோடு. தண்ணீர் சிவப்பைத் தொட்டால் மலை சரிந்து இறங்கலாம் என்று அர்த்தம், எல்லோரும் லயத்தை விட்டு, றோட்டுக்கு மேல் மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். போத்தலைப் பார்த்து எழுதும் வேலையை அப்பாவிடம் ஒப்படைத்தார்கள். அப்பா மலையில் கான் வெட்டுகிறவர். தேயிலைக்கு நடுவே மழைத்தண்ணீர் வடிந்து ஓட வெட்டும் வாய்க்காலைத்தான் நாங்கள் கான் என்போம். எந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று அந்த மலையில் அவரைவிடத் தெரிந்தவர் இல்லை. காலை ஆறு மணிக்குப் போத்தலைக் கவிழ்த்துவிட்டு, வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போவார். மத்தியானமும் சாயங்காலமும் பார்த்து ஒரு கொப்பியில் எழுதுவார்.

பெரியப்பாவுக்கு அந்தப் போத்தலைக் கண்ணில் காட்டக் கூடாது. அவர் எங்கள் பக்கத்துக் காம்பரா. சபைக்குச் செயலாளர், நாடகத்துக்கும் அவர்தான் வாத்தியார். கொட்டகை நிறைகிற குரல். அப்பா கொப்பியும் பேனாவுமாகப் போத்தலுக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் வாசலில் இருந்தே கேட்பார்.

"என்னாடா தம்பி, இன்னைக்கு போத்தல்சாமி என்னா சொல்லுது?"

"மஞ்சள்தாண்ணே."

"கர்த்தர நம்புறவன் இதப் பாத்துக்கிட்டு நிக்க மாட்டான்டா. மலைய படைச்சவருக்கு அதப் புடிச்சிக்கத் தெரியாதா?"

லயம் சிரிக்கும். அப்பாவும் சிரித்துவிட்டு எழுதுவார். எனக்குப் பெரியப்பா சொல்வதுதான் சரி என்று பட்டது. வேஷம் கொடுத்தவர் அவர் அல்லவா.

அந்த வாரம் நான் ஜெபித்ததுபோல என் வாழ்க்கையில் ஜெபித்ததில்லை. மழையை நிறுத்துங்க இயேசப்பா, சனிக்கிழமை மட்டும் நிறுத்துங்க, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் பெய்துகொள்ளுங்க என்று நியாயமாகத்தான் கேட்டேன். வியாழக்கிழமை மழை கூடியது. வெள்ளிக்கிழமை இன்னும் கூடியது. சனிக்கிழமை காலை அப்பா போத்தலைக் கவிழ்த்துவிட்டுப் போனார். பதினொரு மணிக்கு நான் போய்ப் பார்த்தபோது தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது.

எனக்கு வந்த ஆத்திரம் இன்றும் நினைவிருக்கிறது. மூன்று வருஷம் ஆடாகக் கிடந்தவளுக்கு ஒரு நாள் றெக்கை கொடுத்து, அன்றைக்கே பிடுங்குகிறாரே என்று ஆண்டவர் மேல் ஆத்திரம். கொப்பியும் கையுமாக வந்து எல்லோரையும் கிளப்பப் போகிற அப்பா மேல் ஆத்திரம். உரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கம்பத்தில் ஏறினேன். போத்தலைக் கழற்றிப் பாதிக்கு மேல் கொட்டிவிட்டுத் திரும்ப மாட்டினேன். இயேசப்பாவுக்குக் கையுதவி செய்தேன் என்றுதான் நினைத்தேன். நேரம் இல்லாமல் அவர் விட்டதை நான் முடித்துவைத்தேன், அவ்வளவுதான்.

அப்பா பன்னிரண்டு மணிக்கு வந்தார். நான் வாசலில் நின்று பார்த்தேன். போத்தலுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு அதை மெதுவாகத் திருப்பினார். கோடுகள் எப்போதும் லயத்தைப் பார்த்து இருக்கும், நான் மாட்டிய அவசரத்தில் மலையைப் பார்த்து இருந்தது. அவர் திரும்பி என் பாவாடையைப் பார்த்தார்.

"ஏன் பாப்பா இப்படி நனஞ்சிருக்க?"

"கக்கூசுக்குப் போனேன்."

அப்பா லயத்துக்குப் பின்னால் போனார். பின்பக்கத்துக் கானைக் குனிந்து பார்த்தவர், திரும்பி வந்தபோது முகம் வேறாக இருந்தது. ஒவ்வொரு காம்பரா வாசலிலும் நின்று, எல்லோரும் கிளம்புங்க, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போங்க என்றார்.

பெரியப்பா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு இறங்கினார். தலையில் மூன்று ராஜாக்களுக்குச் செய்த கிரீடம் ஒன்று, அளவு பார்க்கப் போட்டது, அப்படியே இருந்தது.

"ஒன் போத்தலே இல்லைனு சொல்லுதேடா. வந்து பாருங்கப்பா எல்லாரும். மஞ்சளுக்குக்கூட வரல. அப்பறம் என்னாத்துக்குக் கிளம்பணும்?"

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அப்பா சொல்லிவிடுவார், எல்லோருக்கும் முன்னால் என் பேரைச் சொல்லிவிடுவார் என்று ஈரப் பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"போத்தல நாந்தான் கை தவறித் தட்டிட்டேண்ணே. அதப் பாக்காதீங்க. பின்னுக்குக் கான வந்து பாருங்க. இந்த மழைக்கு அதுல தண்ணி இடுப்பளவு ஓடணும். காஞ்சி கெடக்கு. தண்ணியெல்லாம் மலைக்குள்ள எறங்குது."

"ஒரு போத்தல ஒழுங்கா வச்சிக்கத் தெரியாதவன் மலைக்கு வைத்தியம் பாக்க வந்துட்டான்."

அன்றைக்கு லயம் சிரித்த சிரிப்பு மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. நானும் சிரித்தேன். சந்தோஷத்தில் சிரித்தேன். இயேசப்பா என் ஜெபத்தைக் கேட்டு, அப்பா தானே தட்டிவிட்டதாக அப்பாவையே நம்பவைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

பன்னிரண்டு வீட்டில் ஏழு வீடு சைவக்காரர்கள். அவர்கள் சிரித்துக்கொண்டே மூட்டையையும் கட்டிவிட்டார்கள். அப்பா சொன்னால் காரணம் இருக்கும் என்று தங்கள் பாட்டுக்கு நடந்துவிட்டார்கள். அசையாமல் நின்றது இயேசுவை நம்புகிற வீடுகள்தான். நாங்கள் போய்விட்டால் ஆண்டவரை நம்பாத மாதிரி ஆகிவிடும் என்று பெரியப்பா வாசலில் கால் நீட்டி உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததால் மற்ற மூன்று வீடும் உட்கார்ந்தது. பிள்ளைகளை உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நம்பிக்கை என்று அதற்குப் பெயர் வைத்தவர்கள் மேல் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அப்பா வாதாடவில்லை. அண்ணனுக்கு முன்னால் மழையில் நின்று சொன்னார்.

"நாடகத்த பள்ளிக்கூடத்துல வைப்போம்ணே. எல்லாத்தையும் நான் தூக்கிட்டு வாறேன். நீங்க இல்லாம நாடகம் ஏதுண்ணே? வாங்க."

பெரியப்பாவுக்கு அது பிடித்தது. கிரீடத்தைக் கழற்றாமலே கிளம்பினார். அவர் கிளம்பியதும் மற்றவர்களும் கிளம்பினார்கள். அப்பா முன்னணையைத் தலையில் வைத்துக்கொண்டு, அதற்கு மேல் நாலு வீட்டுப் பாத்திரத்தையும் வைத்துக்கொண்டு, மூன்று நடை ஏறி இறங்கினார்.

என் றெக்கை முதல் வளைவிலேயே ஊறிப்போனது. பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது அது கஞ்சியில் தோய்த்த அட்டைபோல் இருந்தது. பெரியப்பா மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். ஈரத் துணி, அழுகிற பிள்ளைகள், பிள்ளைகள் உட்காரும் வாங்குகளுக்கு மேல் சாக்கு மூட்டை. "இங்கயா? ஆண்டவரோட பிறப்ப இந்தச் சேத்துலயா வைக்கிறது?" என்று கேட்டுவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார். ஆண்டவர் எங்கே பிறந்தார் என்று யாரும் அப்போது பெரியப்பாவிடம் கேட்கவில்லை.

பொழுது சாயும் நேரம். யாரும் அப்பாவோடு பேசவில்லை. அம்மாகூடப் பிளேன் டீயை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அப்பா கதவோரம், மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, அந்தத் தூதன் வந்து சொல்றத சொல்லு."

"மாட்டேன்."

"ஒரு தடவ சொல்லும்மா."

"றெக்கை இல்ல."

"றெக்கை எதுக்கு? சும்மா சொல்லு."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் நாடகத்தைக் கெடுத்தவருக்கு எதற்கு என் வசனம்? அவர் திரும்பக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணை மூடி, எங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஜெபம் பண்ணினார். அதில் ஒரு வாக்கியம்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"நான் சொன்னது பொய்யாப் போகணும் ஆண்டவரே."

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. பொய்யாகப் போக வேண்டும் என்று தானே கேட்கிற மனுஷன், பிறகு எதற்கு எங்களைச் சேற்றில் இழுத்து வந்தார் என்று இன்னும் ஆத்திரம் ஏறியது.

மறுநாள் வெயில் அடித்தது. மலை அப்படியே நின்றது. லயத்தில் ஒரு ஓடுகூட நகரவில்லை. திரும்பி நடந்தபோது ஆளுக்கு ஒரு பேச்சு. "கான் காஞ்சா மலை எறங்குமாம், என் தொண்டகூடத்தான் காஞ்சி கெடக்கு" என்று ஒருவர் சொல்ல, அந்தப் பேச்சு பல மாதத்துக்கு ஓடியது. திங்கட்கிழமை வந்த ஐயாவிடம் பெரியப்பா போத்தல் தட்டுப்பட்ட கதையைச் சொன்னார். கவனம் இல்லாத ஆள் என்று அப்பாவிடம் இருந்து போத்தலையும் கொப்பியையும் வாங்கிப் பெரியப்பாவிடம் கொடுத்தார்கள். அப்பா கொப்பியைத் துடைத்துக் கொடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். இயேசப்பா மறைத்ததை நான் எதற்கு எடுத்துச் சொல்வது என்று பேசாமல் இருந்தேன்.

பல வருஷம் கழித்து, மீரியபெத்தத் தோட்டத்தில் மலை இறங்கி லயங்களை ஆட்களோடு மூடிய செய்தி வந்த அன்று, பெரியப்பா எங்கள் வாசலில் வந்து நின்றார். அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ, ஒரு சத்தம் வரவில்லை. அப்பா "உள்ளுக்கு வாங்கண்ணே" என்றார். வந்து உட்கார்ந்தார். இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தார்கள். அவ்வளவுதான்.

அப்பா போய்ச் சேர்ந்து நாலு வருஷம். எங்கள் மலை இன்றுவரை இறங்கவில்லை, நாங்களும் அந்த லயத்தை விட்டு இறங்கவில்லை. இப்போது போத்தல் இல்லை, போனுக்குச் செய்தி வருகிறது. போன மழைக்கும் அதே பள்ளிக்கூடம், அதே வாங்கு. ஆண்டவரை நம்புங்க, அவர் பார்த்துக்கொள்வார் என்று வெள்ளைச் சட்டை போட்டவர்கள் வந்து சொல்லிவிட்டு, வெடிப்பில்லாத வீட்டுக்குத் திரும்பிப் போகிறார்கள். நம்புகிறேன். அவர்கள் சொல்லி அல்ல. தான் வெட்கப்பட்டாலும் சரி, பன்னிரண்டு வீடும் நிற்கட்டும் என்று கேட்டு, கேட்டபடியே வெட்கப்பட்டு, அதற்கும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு மறுநாள் பெரட்டுக்குப் போன ஒருவரைப் பார்த்திருப்பதால் நம்புகிறேன்.

போத்தலைத் திருப்பி வைத்தவருக்கு அதைக் கொட்டியது யார் என்று அப்போதே தெரியும். பத்து வயதில் எனக்கு அது விளங்கவில்லை, போகட்டும். அந்த மண்டபத்தில் எல்லோரும் அவர்மேல் கோபமாக இருந்தோம். பயந்துகொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். மலைக்கும் பயம், மலை நின்றுவிட்டால் வரப்போகிற பேச்சுக்கும் பயம். அதனால்தான் மகளைக் கூப்பிட்டு, அந்தத் தூதன் சொல்வதை ஒரு தடவை சொல்லு என்று கேட்டார். பயப்படாதே என்ற சொல் ஒரு மாதமாக என் வாயில் இருந்தது. நாய்க்குக்கூடச் சொல்லியிருந்தேன்.