மழையைக் கூட்டிச் சொன்னவர்

என் கணவர் மழையளவில் பொய் சொன்னார் என்பது எங்கள் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஏன் சொன்னார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று கொஞ்ச காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அதுவும் நிச்சயமில்லை.

தெமோதரையில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்குள் ஏறும் பாதையில் முக்கால் மணி நேரம் நடந்தால் எங்கள் லயம் வரும். ஒரே தகரக் கூரையின் கீழ் பன்னிரண்டு வீடுகள், முதுகுக்குப் பின்னால் செங்குத்தான மலை. அவர் கவ்வாத்து வெட்டுகிறவர். முற்றிய தேயிலைச் செடிகளை மறுபடி துளிர்ப்பதற்காக முழங்காலளவுக்கு வெட்டிவிடுகிற வேலை. நான் பிள்ளைக் காம்பராவில் இருந்தேன். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் காலையில் விட்டுவிட்டுப் போகிற கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால்தானோ என்னவோ, அந்த வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

முதல் மண்சரிவு ஒரு மத்தியானத்தில் வந்தது. விடியற்காலையிலிருந்தே மழை கொட்டியதால், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலேயே வேலை இல்லை என்று எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனார். மலையிலிருந்து குழாய் வழியே விழும் அந்தத் தண்ணீர் எப்போதும் கண்ணாடி மாதிரி இருக்கும். அன்றைக்குச் சேறாக வந்திருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் மேலே நின்ற மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. குடத்தை அங்கேயே போட்டுவிட்டு, எங்கள் லயத்துக்குக் கீழே இருந்த பணிய லயத்துக்கு ஓடினார். ஒவ்வொரு கதவாகத் தட்டி எல்லோரையும் வெளியே விரட்டினார். நடக்க முடியாத கிழவர் இருவரை ஒருவர் பின் ஒருவராகத் தோளில் தூக்கிவந்தார். பிள்ளை பெற்றுப் பத்து நாளான ஒருத்தியையும் அவள் குழந்தையையும் கடைசியாகக் கொண்டுவந்து மேட்டில் விட்டபோது மலை இறங்கியது. பணிய லயத்தில் பாதி இல்லாமல் போனது. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

நான் வீட்டில் இருக்கிறேன் என்று அவர் நினைத்திருந்தார். நானோ, கூரை ஒழுகிக் குழந்தைகளுக்குக் கரைக்கும் பால்மா நனைந்துவிடுமே என்று, பணிய லயத்தை ஒட்டியிருந்த பிள்ளைக் காம்பராவுக்குப் போயிருந்தேன். அவர் கத்தியது மழைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. மலை சரிகிற சத்தம் கேட்டபோது மண் வாசலுக்கு வந்துவிட்டது. பின் ஜன்னல் வழியாக ஏறிக் குதித்தேன். எல்லோரும் அவரைச் சுற்றி நின்று அழுதுகொண்டும் கும்பிட்டுக்கொண்டும் இருந்த இடத்துக்கு, தலை முதல் கால் வரை சேறாக நான் நடந்து போனேன்.

"நீ எங்க இருந்த?" என்றார்.

"பிள்ளைக் காம்பராவுல."

அவர் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு கோயிலில் மாலை போட்டார்கள். தோட்டத்து மேனேஜர் துரை கை கொடுத்தார். இவர் படம் எல்லோருடைய போனிலும் சுற்றியது. பஸ்ஸில் கண்டக்டர்கூட எழுந்து இடம் கொடுத்தார். இவருக்கு அதெல்லாம் உடம்பில் முள் குத்துவது போல இருந்தது. ஒரு நாள் சாப்பாடு போடும்போது நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "ஊரையே தூக்கிட்டு வந்தீங்க, என்னயத்தான் விட்டுட்டீங்க." விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவர் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் கை கழுவினார். அந்த ஒரு வார்த்தையால்தான் எல்லாம் நடந்ததா, இல்லை நான் சொல்லாவிட்டாலும் இப்படித்தான் ஆகியிருக்குமா? எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் பதுளைக் கச்சேரியிலிருந்து அரசாங்க ஆட்கள் வந்து, எங்கள் லயத்தின் பின்பக்கம் ஒரு கம்பம் நட்டு மழைமானி பொருத்தினார்கள். உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய். அதில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று கோடுகள். தினமும் அளவை நோட்டில் எழுதவேண்டும்; தண்ணீர் சிவப்பைத் தொட்டால் கையால் சுற்றும் சைரனை ஒலிக்கவேண்டும், எல்லோரும் எதிர் மேட்டிலுள்ள பள்ளிக்கூடத்துக்குப் போய்விடவேண்டும். யார் பொறுப்பு என்று கேட்டபோது பன்னிரண்டு வீடும் ஒரே பெயரைச் சொன்னது.

அந்த வருடமே அவர் என்னிடம் பதுளைக்குப் போய்விடலாம் என்று சொல்ல ஆரம்பித்தார். டவுனில் ஒரு காம்பரா எடுக்கலாம், மலையே வேண்டாம் என்றார். நான் சம்மதிக்கவில்லை. "இந்தச் சனமெல்லாம் இங்கதான இருக்கு. அவங்களுக்கு வராதது நமக்கு மட்டும் வந்துருமா?" என்றேன். மழை பிடித்தால் பிள்ளைக் காம்பராவுக்கு வந்து வாசலில் நிற்பார். "வா, பள்ளிக்கூடத்துப் பக்கம் போயிருவோம்" என்பார். தாய்மார் விட்டுப்போன குழந்தைகளை வைத்துக்கொண்டு நான் எங்கே போவது? "எல்லாரும் போனா நானும் வாரேன்" என்று ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைச் சொன்னேன்.

கார்த்திகையில் ஒரு நாள். தூறல்தான் போட்டது. குழந்தைகளைத் தாய்மார் சீக்கிரமே கூட்டிப் போய்விட்டதால் நான் மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்தேன். விறகு எடுக்கப் பின்பக்கம் போனால், அவர் செம்போடு மழைமானிக்குப் பக்கத்தில் நிற்கிறார். குழந்தைக்கு மருந்து ஊற்றுவது போல, குனிந்து குனிந்து கோட்டைப் பார்த்துக்கொண்டு தண்ணீர் ஊற்றினார். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தார். செம்பைக் கீழே வைத்துவிட்டுப் போய் சைரனைச் சுற்றினார்.

ஐந்தே நிமிடத்தில் லயமே கிளம்பிவிட்டது. பாய், பானை, பள்ளிக்கூடப் பைகள். பக்கத்து வீட்டு அக்கா தன் கோழியை என் கையில் கொடுத்துவிட்டு அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டார். அக்காவுக்கு அவர் சொன்னால் மறுபேச்சே கிடையாது. கோழியை அணைத்துக்கொண்டு கூட்டத்தோடு நானும் மேடேறினேன். பள்ளிக்கூடத்தின் ஒரு மூலையில் வைத்து அவரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ஏங்க இப்படிச் செஞ்சீங்க?"

"நீ மட்டும்னா வருவியா?"

கோபம் வந்தது உண்மை. ஆனால் அந்தக் கோபத்துக்குள்ளே எங்கேயோ ஒரு மூலையில் சந்தோஷமும் இருந்தது. எனக்காக ஒரு லயத்தையே கிளப்பியிருக்கிறார் மனுஷன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. ஒருவேளை அதனால்தான் யாரிடமும் சொல்லாமல் இருந்தேனோ?

அதன்பின் இன்னும் இரண்டு தடவை செய்தார். ஒவ்வொரு தடவையும் ஆட்களுக்கு வேலை போனது, பிள்ளைகளுக்குப் படிப்புப் போனது. மூன்றாவது தடவை பள்ளிக்கூடத்தில் பாய் விரிப்பதற்குள் வெயில் அடித்தது. ஆண்கள் சிலர் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள். அக்கா மட்டும், "வராததுக்குச் சந்தோசப்படுங்கய்யா" என்று அவர்களை அதட்டினார்.

தேயிலை ஃபேக்டரி முற்றத்திலும் ஒரு மழைமானி உண்டு. அங்கே எழுதியதையும் இவர் எழுதியதையும் யாரோ பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அதே பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். கச்சேரியிலிருந்து வந்த அதிகாரி சின்ன வயதுக்காரர், சிங்களவர். திக்கித் திக்கித் தமிழில் மரியாதையாகத்தான் கேட்டார். முதலில் எழுந்தது அக்காதான்.

"அண்ணன் பொய் சொல்ல மாட்டாருங்க. உங்க மிசினுதான் பிழையா இருக்கும்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்க ஏதும் பார்த்ததா?"

"இல்லைங்க. நான் பார்க்கல."

என் கணவர் எழுந்தார். "அவ பார்த்தா. நான்தான் தண்ணி ஊத்துனேன். மூணு தடவ."

"ஏன்?"

அதற்கு அவர் வாயைத் திறக்கவே இல்லை. அக்கா நின்றபடியே அவரைப் பார்த்தார், பிறகு உட்கார்ந்தார். பின்னாலிருந்து ஆளுக்கொன்று சொன்னார்கள். மாலை மரியாதையில் ருசி கண்டுவிட்டார் என்றார் ஒருவர். நிவாரண சாமான் வாங்கத்தான் என்றார் இன்னொருவர். 'எனக்காகத்தான் செய்தார்' என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். ஐம்பது பேருக்கு முன்னால் ஒரு பொம்பளை எழுந்து நின்று, என் புருஷன் என்மேல் வைத்த ஆசையால் பொய் சொன்னார் என்று எப்படிச் சொல்வது? கோழிக்கூட்டைப் பூட்டிவிட்டேனா என்று அந்த நேரத்தில் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அது என்ன புத்தி என்று தெரியவில்லை. நான் கோழி வளர்ப்பதே இல்லை.

மழைமானியும் சைரனும் கோயில் கமிட்டித் தலைவரிடம் போயின. அவர் நேர்மையான மனிதர், ஒரு சொட்டுக் கூட்டிக் குறைத்து எழுதமாட்டார்.

அடுத்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். மூன்று நாளாக விட்டுவிட்டுப் பெய்த மழை. குழாயில் தண்ணீர் செம்மஞ்சளைக்கூடத் தொடவில்லை. என் கணவர் பீலிப் பக்கம் போய்விட்டு வந்தார். எனக்குத் தெரியாமல் எப்போதோ கட்டிவைத்திருந்த ஒரு பையைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தார்.

"கெளம்பு."

"சைரன் அடிக்கலையே?"

"தண்ணி கலங்கிருச்சு. கெளம்புன்னா கெளம்பு."

"இருங்க, அக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வாரேன்."

"யாரு சொன்னதுன்னு கேப்பாங்க. என் பேரச் சொல்லுவ. சிரிப்பாங்க. நீ வெளக்கம் சொல்லிக்கிட்டு நிப்ப." என் கையைப் பிடித்தார். "இந்த ஒரு தடவ எனக்காக வா."

அக்காவின் கதவைத் தாண்டித்தான் போகவேண்டும். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு அதைக் கடந்தேன். அவர் இழுத்துக்கொண்டு போனார் என்று பிற்பாடு பலரிடம் சொன்னேன். அது உண்மையில்லை. தாண்டும்போது அவர் என் கையை விட்டிருந்தார்.

நாங்கள் பள்ளிக்கூட மேட்டில் ஏறி மூச்சு வாங்குவதற்குள் மலை இறங்கியது. லயத்தின் ஒரு முனை, எங்கள் பக்கம். மூன்று வீடுகளின் குசினிகளை அடுப்பு, பாத்திரத்தோடு மண் தள்ளிக்கொண்டு போனது. அவர் பையைப் போட்டுவிட்டுக் கீழே ஓடினார். அக்காவின் கால் சுவருக்கடியில் மாட்டியிருந்தது. வெறும் கையால் மண்ணைத் தோண்டி, அவரைத் தூக்கி வேன் நிற்கும் பாதைவரை கொண்டுபோனது என் கணவர்தான். இந்தத் தடவையும் உயிர் எதுவும் போகவில்லை.

ஆனால் மற்றவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது, சுவரோரம் எங்கள் பையும் மடித்து வைத்த குடையும் இருந்தன. உள்ளே உடுப்பு, அடையாள அட்டைகள், என் மாத்திரைகள். ஒருத்தி அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "முன்னாடியே தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். யாரும் திட்டவில்லை. பொதுச் சமையலில் எங்களுக்கும் சோறு போட்டார்கள். அவரை அதற்குப் பிறகு யாரும் அண்ணே என்று கூப்பிடவில்லை, அவ்வளவுதான். பொய் சொல்லி எல்லோரையும் கிளப்பியது குற்றம் என்றார்கள். உண்மை தெரிந்து சொல்லாமல் போனதும் குற்றம்தான். இரண்டையும் செய்தது ஒரே மனுஷன், ஒரே காரணத்துக்காக. எங்கே பிசகினார் என்று விரல் வைத்துக் காட்ட என்னால் முடியவில்லை. நான் "எல்லாரும் போனா வாரேன்" என்று பிடிவாதம் பிடிக்காமல் இருந்திருந்தால்?

இப்போது பதுளையில் இருக்கிறோம். பஜாரில் ஒரு முஸ்லிம் முதலாளியின் அரிசிக் கடையில் அவர் மூட்டை இறக்குகிறார். நான் வீட்டிலிருந்து தையல் வேலை செய்கிறேன். தூறல் போட்டால் போன் பண்ணுவார், எங்கே இருக்கிறாய் என்று. இங்கே மலை தூரத்தில்தான் தெரிகிறது.

அக்கா மாதம் ஒரு தடவை கிளினிக்குக்கு வருவார். கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். இரண்டு மூன்று தடவை தூரத்தில் பார்த்து ஒதுங்கிப் போயிருக்கிறேன். போன மாதம் ஆஸ்பத்திரி வாசலில் நேருக்கு நேர் வந்துவிட்டார். வீட்டுக்குக் கூப்பிட்டேன், வந்தார். தேத்தண்ணீரைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கு உங்க கதவத் தாண்டித்தான் போனேன்."

"தெரியும். ஒன் கொடையப் பார்த்தேன்."

"ஏன் கூப்பிடலன்னு கேக்க மாட்டீங்களா?"

அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தார். "கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனான்னு எனக்கே தெரியல. மொத ஆளா சிரிச்சிருந்தாலும் சிரிச்சிருப்பேன்."

அது மன்னிப்பா, இல்லை வேறு ஏதாவதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த நேரம் பார்த்து அவர் சாப்பிட வந்தார். அக்காவைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. அக்காதான், "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இந்தப் பையத் தூக்கிட்டு வாரீங்களா?" என்றார்.

இருவரும் போவதை வாசலில் நின்று பார்த்தேன். அக்கா ஏதோ பேசிக்கொண்டே போனார். அவர் தலையைக் குனிந்து, அக்காவின் நடைக்குத் தக்கபடி மெதுவாக நடந்தார். சந்தியில் இருவரும் நின்றார்கள். அக்கா கையை நீட்டி நீட்டி எதையோ சொன்னார். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை.

அரை மணி நேரம் கழித்து வந்தார்.

"அக்கா என்ன சொன்னாங்க?"

"வெலிமட பஸ் எங்க நிக்கும்னு கேட்டாங்க."

அக்கா போகவேண்டியது தெமோதரை பஸ்ஸில்; வெலிமடையில் அவருக்கு யாரும் இல்லை. நான் மேற்கொண்டு கேட்கவில்லை. சோற்றைப் போட்டேன், அவர் சாப்பிட்டார்.