அண்ணன் அனுப்பிய படம்

அண்ணன் வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருஷம் கழித்துத் தபாலில் ஒரு படம் அனுப்பினான். கூடவே கடிதம் எதுவும் இல்லை. வேர்க்கடலை மண்டியில் உட்கார மாட்டேன், மெட்ராசுக்குப் போய்ப் படம் வரையப் படிப்பேன் என்று நைனாவோடு சண்டை போட்டுக்கொண்டு போனவன்.

அம்மா சுருளைப் பிரித்தாள். நீலமும் காவியும் ஒன்றுக்குள் ஒன்று ஒழுகிக் கிடந்தன. மேலே மஞ்சளாக ஒரு கறை. ஆள் இல்லை, மரம் இல்லை, செஞ்சியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் இடிக்கிற மலைகூட இல்லை. அம்மாவுக்கு ஒரே காரணம்தான் தோன்றியது. தெருக்கோடிவரை ஓடித் தபால்காரரை மறித்தாள்.

"எம் புள்ள போட்ட படத்த இப்டி நனச்சி எட்டாந்துட்டீங்களே, நாயமாண்ணா?"

"சித்திர வெயில்ல ஏதும்மா மழ?" என்றார் அந்த மனுஷர், வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

அம்மா நம்பவில்லை. நாலு மூலையிலும் படி, உழக்கு என்று பாரம் வைத்துப் படத்தை முற்றத்தில் காயப்போட்டாள். காய்ந்தால் உருவம் தெளியும் என்று நினைத்தாளோ என்னவோ. மத்தியானம் வந்த நைனா அதை நேராகப் பார்த்தார், தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார். "இதுக்கா பட்டணம் போனான்?" என்றவர் சாப்பிடாமலே மண்டிக்குத் திரும்பிவிட்டார்.

அம்மாவுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான், அவன் வருவானா என்பது. அதைத்தான் அந்தச் சாயத்தில் தேடினாள். எனக்கும் அவன் வேண்டியிருந்தது. கோட்டைப் படியில் கால் வலித்தால் என்னை உப்புமூட்டை தூக்குகிறவன் அவன்தான். அம்மாவின் கண் கலங்கியதும் எனக்குத் தாங்கவில்லை. ஏழு வயதில் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பொய். காவித் தீற்றல் ஒன்றைத் தொட்டு, "இதோ பாரும்மா, அண்ணன். பஸ்ஸ உட்டு எறங்கி வருது" என்றேன்.

அம்மா குனிந்து பார்த்தாள். அவள் முகம் தெளிந்துவிட்டது.

அன்றிலிருந்து சாயங்கால பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் படத்தை என் முன்னால் விரிப்பாள். "உங்கண்ணன் எங்கடி வரான், காட்டு."

முந்தின நாள் காட்டிய இடம் எனக்கு ஞாபகமே இருக்காது. ஒருநாள் நீலத்தில் காட்டுவேன், ஒருநாள் மஞ்சளில், ஒருநாள் ஒன்றுமே இல்லாத வெள்ளை மூலையில். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். அவளை நன்றாக ஏமாற்றுகிறேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு. 'நேத்து அங்க காட்டுனியே' என்று ஒருநாள்கூட அவள் ஏன் கேட்கவில்லை என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.